வெளிறிய குழந்தையும் இரத்தப் பரிசோதனையும்

நமது சங்கங்களின் அங்கத்தினர் வீடுகளில் ஒரு வயதுக் குழந்தை வெளிறிக் காணப்பட்டால், "உடம்பில் இரத்தம் இல்லை" என்று சொல்லி, இரும்புச்சத்து மருந்து ஒரு புட்டி வாங்கி ஊட்டத் தொடங்குவது வழக்கம். அவ்வழக்கத்தைக் குறைகூற நாம் முற்படவில்லை. 2019-21-ஆம் ஆண்டுகளில் நம் நாட்டில் நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வு, ஆறு மாதம் முதல் ஐந்து வயது நிறையாத குழந்தைகளில் 67.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாகக் கண்டது. இரும்புச்சத்துக் குறைவு அதற்குரிய முக்கிய காரணங்களுள் ஒன்று. மருந்தும் கீரையும் பருப்பும் முட்டையும் சேர்ந்து அத்தகைய குழந்தைகளைத் தேற்றிவிடுகின்றன.

ஆயினும் அந்தக் கூட்டத்தினிடையே, எத்தனை புட்டி மருந்து கொடுத்தாலும் தேறாத குழந்தை ஒன்றும் இருக்கக்கூடும். அதன் குறை உணவில் இல்லை; தாய் தந்தையரிடமிருந்து அது பெற்று வந்த மரபில் இருக்கிறது. பார்வைக்கு இரு குழந்தைகளும் ஒன்றுபோலவே வெளிறியிருப்பார்கள். முன்னதைக் காப்பது இரும்பு. பின்னதற்கு அந்த இரும்பே நாளடைவில் சுமையாகிவிடும். இரண்டையும் பிரித்தறியும் வழி யாது என்பதே இவ்விதழின் பாடம்.

கையிருப்புக் குறைந்ததேன்?

கணக்குப் புத்தகம் அறிந்த நமக்கு இதை விளங்கிக்கொள்ளுதல் எளிது. ஒரு நெசவாளர் சங்கத்தில் நூல் கையிருப்புக் குறைந்து காணப்பட்டால், "இன்னும் நூல் வாங்குக" என்று தணிக்கைக் குறிப்பில் உடனே எழுதிவிடுவதில்லை. கொள்முதல் குறைந்ததா, வந்த நூல் கழிவாகப் போயிற்றா, அல்லது கிடங்கிலிருந்து எங்கேனும் கசிகிறதா என்று வரவையும் செலவையும் தனித்தனியே பார்க்கிறோம். இரத்தமும் அவ்வாறே. எலும்பினுள்ளே இருக்கும் மச்சையே சிவப்பணுக்களை உண்டாக்கும் தொழிற்சாலை. அங்கே உண்டாகும் ஒவ்வோர் அணுவும் ஏறத்தாழ 120 நாள் உழைத்துவிட்டு அழிகிறது. இரும்பு போதாவிடில் உற்பத்தி குறையும். வயலிலும் தோட்டத்திலும் வெறுங்காலுடன் நடக்கும் சிறுவர்க்குக் கொக்கிப்புழு பற்றினால் குடலில் இரத்தம் கசியும். இவ்விரண்டும் வெளியிலிருந்து வருவன. மூன்றாவது ஒன்று உண்டு. இரும்பு வேண்டிய அளவு இருக்கும். தொழிற்சாலையும் இரவு பகலாக ஓடும். உண்டாகும் அணு மட்டும் நிலைக்காது. தாலசீமியா என்னும் நோயில் நிகழ்வது அதுதான்.

சிவப்பணுவினுள் நிறைந்திருக்கும் செம்பொருளுக்கு ஹீமோகுளோபின் என்று பெயர். மூச்சில் வரும் பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்வது அதுவே. அப்பொருள் ஆல்பா, பீட்டா என்னும் இருவகைப் புரத இழைகளால் ஆனது. வகைக்கு இரண்டாக நான்கு இழைகள் கூடி ஒரு ஹீமோகுளோபின் ஆகும். தறியில் பாவும் ஊடையும் போல என்று கொள்ளலாம். பாவு நிறைய இருந்து ஊடை வரவில்லையானால் துணி வராது என்பதோடு நிற்பதில்லை. தேங்கிய பாவு சிக்கலாகித் தறியையும் கெடுக்கும். பீட்டா இழை உண்டாகாத குழந்தையின் உடலிலும் இவ்வாறே துணையற்ற ஆல்பா இழைகள் அணுவுக்குள் திரண்டு படிந்து, அந்த அணு மச்சையை விட்டு வெளிவரும் முன்னரே பெரும்பாலும் அதனை அழித்துவிடுகின்றன. தப்பி வெளிவந்த சிலவற்றை மண்ணீரல் பிடித்து அழிக்கிறது. ஆகவே மண்ணீரல் பெருத்து வயிறு முன் தள்ளுகிறது.

அப்படியானால் அக்குழந்தை பிறக்கும்போதே நோயுடன் காணப்பட வேண்டாமா என்று வினவலாம். கருவிலிருக்கும் சிசுவுக்குப் பீட்டா இழை தேவையில்லை. காமா என்னும் வேறோர் இழை ஆல்பாவுடன் கூடி அக்காலத்துக்குரிய ஹீமோகுளோபினை உண்டாக்குகிறது. பிறந்த பின் சில மாதங்களில் காமா படிப்படியாகக் குறைய, அதன் இடத்தைப் பீட்டா ஏற்கிறது. ஆதலின் இந்நோயுள்ள குழந்தை கொழுகொழுவென்றே பிறக்கும். மூன்று நான்கு மாதம் வரை ஒரு குறையும் தோன்றாது. ஆறாம் மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் வெளிறத் தொடங்கும். தாய்ப்பாலுடன் மற்ற உணவு தொடங்கும் காலமும் அதுவே, இரும்புச்சத்துக் குறைவு தலைகாட்டும் காலமும் அதுவே. இரண்டும் ஒரே பருவத்தில் வந்து கலப்பதனால்தான் பெற்றோர் மட்டுமன்றிச் சில வேளை மருத்துவரும் முதற் பார்வையில் ஒன்றை மற்றொன்றாகக் கருத நேர்கிறது.

இந்நோயைத் தனி நோயாக முதன்முதல் பிரித்துக் காட்டியவர் அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்துக் குழந்தை மருத்துவர் தாமஸ் கூலி, ஆண்டு 1925. இத்தாலிய நாட்டிலிருந்து குடியேறியவர்களின் குழந்தைகள் சிலரிடம் அவர் அதனைக் கண்டார். கடலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அமைந்த தாலசீமியா என்ற பெயரை 1932-இல் விப்பிள், பிராட்ஃபோர்டு என்னும் இருவர் இட்டனர். மத்தியதரைக் கடலோர மக்களின் நோயென்று அன்று எண்ணியதன் விளைவு அப்பெயர். உண்மையில் மலேரியாக் காய்ச்சல் வெகுகாலம் நிலவிய நாடுகளெல்லாம் இதற்கு உறைவிடமே. இந்தியாவும் அவற்றுள் ஒன்று.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

குழந்தையின் உள்ளங்கை, நாக்கு, கண்ணின் கீழிமையின் உட்புறம் ஆகியவற்றில் வெளிர்ப்பு; பால் குடிக்கையில் களைத்துப் பாதியில் விட்டுவிடுதல்; எடை ஏறாமை; அடிக்கடி காய்ச்சல்; கண்ணில் இலேசான மஞ்சள்; கை கால் மெலிந்திருக்க வயிறு மட்டும் இடப்புறம் கெட்டியாகப் பெருத்தல். இவற்றுள் முதல் மூன்றும் சாதாரண இரத்தசோகையிலும் உண்டு. வயிற்றில் மண்ணீரல் கைக்குத் தட்டுப்படுவதும் மஞ்சளும் சேர்ந்தால் ஐயம் வலுக்க வேண்டும். வயிறு பெருத்திருப்பதைப் பூச்சியென்றும், மாந்தமென்றும், கண்ணேறு என்றும் சொல்லி நாளைக் கடத்துவோர் உளர். மந்திரிப்பதால் மட்டும் கேடில்லை. அதனால் கழியும் மாதங்களில்தான் கேடு இருக்கிறது. சிகிச்சையின்றி விடப்பட்டால், கடுமையான தாலசீமியாவுள்ள குழந்தைகளிற் பெரும்பாலோர் ஐந்து வயதைத் தாண்டுவதில்லை.

இன்னொரு குறிப்பும் வீட்டிலேயே கிடைக்கும். மருத்துவர் சொன்ன அளவில் இரும்பு மருந்தை ஒரு மாதம் ஒழுங்காகக் கொடுத்தபின் மீண்டும் இரத்தத்தைச் சோதித்தால், இரும்புக் குறைவே காரணமாயின் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 1 கிராம் அளவேனும் ஹீமோகுளோபின் உயர்ந்திருக்க வேண்டும். உயரவில்லையாயின், புட்டியை மாற்றுவதோ, விலை மிகுந்த வேறு டானிக்கை நாடுவதோ பயனில. காரணம் வேறு என்று கருதி மேற்பரிசோதனை கேட்க வேண்டும். முதற் சோதனையின் சீட்டையும் இரண்டாம் சோதனையின் சீட்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பவர்க்கே இந்த உண்மை தெரியும். பற்றுச் சீட்டைப் பத்திரமாக வைக்கும் நம் அங்கத்தினர் இரத்தச் சீட்டை மட்டும் எறிந்துவிடுவது ஏனோ தெரியவில்லை.

சீட்டைப் படிக்கும் முறை

முதற் பரிசோதனை முழு இரத்த எண்ணிக்கை எனப்படுவது. பெரும்பாலான மருத்துவமனைகளிலும் இயந்திரத்தின் மூலம் சில நிமிடங்களில் செய்துவிடுகின்றனர். அதில் நாம் பார்க்க வேண்டியவை மூன்று எண்கள்.

ஒன்று, ஹீமோகுளோபின் அளவு. உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வரையறையின்படி, ஆறு மாதம் முதல் இரண்டு வயது நிறையும் வரை 100 மில்லிலிட்டருக்கு 10.5 கிராமுக்கும், அதன்பின் ஐந்து வயது நிறையும் வரை 11 கிராமுக்கும் குறைந்தால் இரத்தசோகை. கடுமையான தாலசீமியாவில் இது 7 கிராமுக்குக் கீழே இறங்கிவிடும்.

மற்றவை இரண்டு: சீட்டில் எம்.சி.வி. என்று அச்சிடப்படும் சிவப்பணுவின் சராசரிப் பருமனும், சிவப்பணுக்களின் எண்ணிக்கையும். இரும்புக் குறைவிலும் தாலசீமியாவிலும் அணு சிறுத்துப் போகிறது. ஆகையால் பருமன் ஒன்றைக் கொண்டு இரண்டையும் பிரிக்க இயலாது. ஆனால் நோயின் கூறு மட்டும் உடைய நலமான ஒருவரிடத்தில் அணு சிறுத்திருந்தும் எண்ணிக்கை குறைவதில்லை. சற்று மிகுந்தும் இருக்கும். இரும்புக் குறைவில் அணுவும் சிறுக்கும், எண்ணிக்கையும் குறையும். 1973-இல் மென்ட்ஸர் என்னும் மருத்துவர் இதனை ஓர் எளிய வகுத்தற் கணக்காக்கினார். எம்.சி.வி. எண்ணைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுக்க. ஈவு 13-க்குக் குறைந்தால் தாலசீமியாக் கூறும், மிகுந்தால் இரும்புக் குறைவும் இருக்கக்கூடும். தந்தை ஒருவருடைய சீட்டில் பருமன் 63, எண்ணிக்கை 5.7 என்று இருப்பதாகக் கொள்வோம். ஈவு 11-ஐ ஒட்டி வருகிறது. மற்றொருவருக்குப் பருமன் 66, எண்ணிக்கை 4, ஈவு 16.5. முன்னவரே மேற்பரிசோதனைக்கு முதலில் அனுப்பத் தக்கவர். இது ஐயத்தை எழுப்பும் கணக்கேயன்றித் தீர்ப்புச் சொல்லும் கணக்கன்று. கடுமையாக வெளிறிய குழந்தைக்கு இதைப் போட்டுப் பார்த்து மனத்தைத் தேற்றிக்கொள்ளவும் கூடாது. கூறு மட்டும் உடையவரைத் தேடுவதற்கே இது உதவும்.

தீர்ப்புச் சொல்லும் பரிசோதனை வேறு. ஹீமோகுளோபின் வகைகளைத் தனித்தனியே பிரித்து, எது எத்தனை விழுக்காடு என்று அளந்து காட்டும் சோதனை அது. மின்னோட்டத்தால் பிரிக்கும் முறை பழையது, இன்று ஹெச்.பி.எல்.சி. என்னும் இயந்திர முறை பரவியிருக்கிறது. நலமான பெரியவரின் இரத்தத்தில் பெரும்பகுதி ஏ வகை. ஏ2 என்பது 2 முதல் 3 விழுக்காடு வரை. சிசுப்பருவத்துக்குரிய எஃப் வகை மிகச் சிறிதே. ஏ2 அளவு 3.5 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் அவரிடம் பீட்டா தாலசீமியாக் கூறு இருக்கிறது. கடும் நோயுள்ள குழந்தையின் சீட்டிலோ எஃப் வகை மிக ஓங்கியிருக்கும். ஏ வகை மிகக் குறைந்தோ அடியோடு இன்றியோ இருக்கும். மாவட்ட மருத்துவமனையில் இவ்வியந்திரம் இல்லையாயின், இரத்த மாதிரியை மருத்துவக் கல்லூரிக்கோ வேறு ஆய்வுக்கூடத்துக்கோ அனுப்பிப் பெறலாம். குழந்தையையே தூக்கிக்கொண்டு அலைய வேண்டுமென்பதில்லை.

நுட்பம் ஒன்று உண்டு. ஒருவரிடம் தாலசீமியாக் கூறும் இரும்புக் குறைவும் சேர்ந்திருந்தால், ஏ2 அளவு தாழ்ந்து, கூறு இல்லாதவரைப் போல ஏமாற்றக்கூடும். கருவுற்ற பெண்களிடம் இதனை நினைவில் வைப்பது நலம். ஐயமிருப்பின் இரும்பை நிறைவு செய்தபின் மீண்டும் சோதிப்பர். அல்லது மரபணுவையே சோதிப்பர்.

இரத்தம் ஏற்றுவதற்கு முன்னே

இப்பாடத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவிற்கொள்ள முடியும் என்பவர் இப்பகுதியை நினைவிற்கொள்க.

ஒரு குழந்தை ஹீமோகுளோபின் 4 கிராம் என்ற நிலையில் இரவு நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டு வரப்படுவதாக வைத்துக்கொள்வோம். மூச்சு வாங்குகிறது; உடனே இரத்தம் ஏற்றியாக வேண்டும். ஏற்றுகிறார்கள். குழந்தை கன்னம் சிவந்து, விளையாடிக்கொண்டு வீடு திரும்புகிறது. பெற்றோர் மகிழ்கின்றனர். ஆனால் இனி அக்குழந்தையின் உடலில் ஓடுவதில் பெரும்பகுதி கொடுத்தவருடைய இரத்தம். அதை எடுத்து ஹெச்.பி.எல்.சி. செய்தால் ஏ வகை நிறையத் தெரியும். சீட்டில் நோய் மறைந்துவிடும். கொடையணுக்கள் அழிந்து தீர மூன்று மாதமேனும் காத்திருந்தாலன்றிக் குழந்தையின் சொந்த இரத்தம் உண்மை சொல்லாது. அதற்குள் அடுத்த முறை இரத்தம் ஏற்றும் வேளை வந்துவிடும். இவ்வாறு காரணம் அறியாமலே இரண்டு மூன்று முறை ஏற்றப்பட்ட பின் நோய் தெரிய வரும் குழந்தைகள் உண்டு.

இதற்கு வேண்டியது ஓரிரண்டு மில்லிலிட்டர் இரத்தம், அவ்வளவே. எப்படியும் குழந்தையின் இரத்த வகை பார்ப்பதற்கு ஊசி போடுகிறார்கள். அப்போதே இன்னொரு குழாயில் சிறிது எடுத்து வைத்துவிடலாம். "ஐயா, இரத்தம் ஏற்றும் முன் ஹீமோகுளோபின் வகைப் பரிசோதனைக்கு மாதிரி எடுத்துவிட்டீர்களா?" என்று தந்தையோ தாயோ கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. மாதிரி எடுக்க நேரமில்லாத நெருக்கடியில் உயிர் காக்கும் இரத்தத்தைத் தாமதப்படுத்தலாகாது. அப்போது வேறு வழி இருக்கிறது. தாய் தந்தை இருவருடைய இரத்தத்தையும் சோதிக்க வேண்டும். இருவரிடமும் ஏ2 ஓங்கியிருக்குமாயின், குழந்தையின் நோய் பெரும்பாலும் விளங்கிவிடும். மரபணுச் சோதனை அதனை உறுதி செய்யும்.

தாய் மேல் பழி வேண்டா

மரபுக் கூறுகள் ஒவ்வொன்றும் இரட்டையாக வருகின்றன. ஒன்று தாயிடமிருந்து, மற்றது தந்தையிடமிருந்து. இரண்டில் ஒன்று மட்டும் பழுதானால் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். அத்தகையவரைத் 'தாங்கி' என்பர். அவர் நோயாளியல்லர். நெய்வார், உழுவார், எண்பது வயது வாழ்வார்; இலேசான இரத்தசோகை ஒருகால் இருக்கும். தாம் தாங்கி என்பதே பலருக்கு வாழ்நாள் முழுதும் தெரியாது. இந்தியாவில் நூற்றுக்கு மூன்று நான்கு பேர் பீட்டா தாலசீமியாத் தாங்கிகள் என்பது பொதுவான மதிப்பீடு. இருவரும் தாங்கிகளான தம்பதிக்குப் பிறக்கும் குழந்தை இரண்டு பழுதுக் கூறுகளையும் பெற்றால்தான் கடும் நோய்.

ஆகவே, "உன் வழியில் வந்த வியாதி" என்று மருமகளை நோக்கிச் சொல்லுவது அறமன்று என்பதோடு, கணக்கும் அன்று. இந்நோய் ஒரு வழியில் வரவே இயலாது. இரு வழியிலும் வந்தாக வேண்டும். ஆண் பெண் என்ற வேறுபாடும் இல்லை. மகனும் மகளும் ஒரே அளவில் பெறுவர்.

அத்தகைய தம்பதிக்கு ஒவ்வொரு முறை கருவுறும்போதும் குழந்தை கடும் நோய் பெற நான்கில் ஒன்று, தாங்கியாகப் பிறக்க நான்கில் இரண்டு, கூறே இல்லாமல் பிறக்க நான்கில் ஒன்று வாய்ப்பு. இதைத் தவறாகப் பொருள்கொள்வோர் பலர். முதற் குழந்தைக்கு நோய் வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைகள் நலமாகப் பிறக்கும் என்று எண்ணுகின்றனர். சீட்டுக் குலுக்குவது ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான். சென்ற முறை எடுத்த சீட்டு மீண்டும் குடத்துக்குள் போடப்பட்டுவிடுகிறது.

நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் நம் வழக்கத்தை இங்கு எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. தாய்மாமன் ஒருவர் தாங்கி; அக்கூறு அவர் பெற்றோருள் ஒருவரிடமிருந்து அவருக்கு வந்தது. அவருடைய தமக்கையும் தாங்கியாக இருக்க இரண்டில் ஒன்று வாய்ப்பு. தமக்கை மகள் தாங்கியாக இருக்க அதிலும் பாதி, அதாவது நான்கில் ஒன்று. அப்பெண்ணையே அவர் மணந்தால், பிறக்கும் குழந்தைக்குக் கடும் நோய் வரும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. உறவல்லாத பெண்ணை மணந்திருந்தால் அது ஏறத்தாழ நூற்றிருபதில் ஒன்றாகவே இருந்திருக்கும். அத்தை மகளோ மாமன் மகளோ ஆனால் முப்பத்திரண்டில் ஒன்று. முறைப்பெண் முறைமாப்பிள்ளை வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென்று மேடையேறிச் சொல்வது எளிது. வீட்டுக்குள் அது செல்வதில்லை. ஜாதகம் பார்க்கும் நாளுக்கு முன்னதாக இருவரில் ஒருவருக்கேனும் இரத்தம் பார்த்துவிடுவது நடைபெறக்கூடிய காரியம். ஒருவர் தாங்கியல்லர் என்று தெரிந்தால், கடும் தாலசீமியா பற்றிய கவலை அங்கேயே தீர்ந்தது. தாங்கி என்பதனால் எவருக்கும் மணம் மறுக்க வேண்டியதில்லை. மற்றவர் தாங்கியா என்பதுதான் கேள்வி.

முன்னமே மணமாகி இருவரும் தாங்கிகள் என்று அறிந்தவர்க்கும் வழியுண்டு. கருவுற்ற பதினோராம் வாரத்தையொட்டி நஞ்சுக்கொடித் திசுவிலிருந்தோ, பதினாறாம் வாரத்தையொட்டிப் பனிக்குட நீரிலிருந்தோ சிறிது எடுத்துச் சிசுவின் நிலையை அறிய முடியும். அதன்பின் செய்வது யாதென்பது அத்தம்பதியின் முடிவு; உற்றார் உறவினரின் முடிவன்று. சைப்பிரஸ் என்னும் தீவில் ஏறத்தாழ ஏழு பேருக்கு ஒருவர் தாங்கி. 1970-களில் தொடங்கி அந்நாட்டார் மணத்துக்கு முன் பரிசோதனை, ஆலோசனை, கருவில் பரிசோதனை என்று முறையாக நடத்தியதன் பயனாக, நோயுடன் பிறக்கும் குழந்தைகள் அங்கு மிக அரிதாகிவிட்டனர்.

மலைத் தோட்டத்து அங்கத்தினர்க்கு

மேற்சொன்ன வகைப் பரிசோதனை மற்றொரு மரபு நோயையும் காட்டிக்கொடுக்கும். அதில் பீட்டா இழை குறைவதில்லை. இழையின் ஓரிடம் மாறி அமைந்துவிடுகிறது. அதனால் சிவப்பணு அரிவாள் போல் வளைந்து, சிறு குழாய்களை அடைத்து, தாங்கொணா வலியை உண்டாக்குகிறது. அரிவாளணு நோய் என்பது அதன் பெயர். இந்தியாவில் அது இருப்பதை லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர்கள் 1952-இல் வெளியிட்டனர். அவர்கள் அதைக் கண்டது நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடையே. சிறு தேயிலை விவசாயிகளும் தோட்டத் தொழிலாளரும் நிறைந்த அம்மலையில், கைக்குழந்தையின் கை கால் விரல்களும் புறங்கை புறங்கால்களும் காரணமின்றி வீங்கி, தொட்டால் வீறிட்டு அழுமானால், அடிபட்டதென்றோ வாதமென்றோ விட்டுவிடாமல் இப்பரிசோதனையைக் கேட்க வேண்டும். இந்நோய்க் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு நாளும் காத்திருத்தல் ஆகாது. மண்ணீரல் பழுதாவதால் கிருமித் தொற்று விரைந்து உயிரைக் குடிக்கும். இந்நோய்க்கெனத் தேசிய இயக்கம் ஒன்றை மத்திய அரசு 2023 ஜூலை 1-ஆம் நாள் தொடங்கி, பழங்குடி வட்டாரங்களில் இரத்தப் பரிசோதனை நடத்தியது. தந்தையிடமிருந்து அரிவாளணுக் கூறும் தாயிடமிருந்து தாலசீமியாக் கூறும் பெற்று, இரண்டும் கலந்த நோயுடன் பிறப்பதும் உண்டு. அதனால்தான் ஒரு கூறை மட்டும் தேடும் சோதனை போதாது. எல்லா வகையையும் பிரித்துக் காட்டும் சோதனை வேண்டும் என்கிறோம்.

நோய் தெரிந்த பின்

தாலசீமியா என்று உறுதியானால் வீடு இடிந்து விழுந்தது போலாகும் என்பதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் காரணம் தெரியாமல் குழந்தையைப் பறிகொடுத்த காலம் அன்று இது. ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழேயே நிற்கும் குழந்தைக்கு இரண்டு முதல் ஐந்து வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றி, அடுத்த முறை ஏற்றும் நாளில்கூட 9.5 கிராமுக்குக் குறையாதபடி பார்த்துக்கொள்கின்றனர். அவ்வாறு வளர்க்கப்படும் குழந்தை பள்ளி செல்லும், ஓடி ஆடும். முக எலும்பு புடைத்து உருவம் மாறுவதும் இல்லை.

ஏற்றும் இரத்தத்தோடு இரும்பும் வந்து சேர்கிறது. ஓர் அலகு இரத்தத்தில் 200 மில்லிகிராமுக்கு மேற்பட்ட இரும்பு இருக்கிறது. உடல் நாளொன்றுக்கு வெளியேற்ற வல்லது 1 அல்லது 2 மில்லிகிராம் மட்டுமே. வரவு மலை, செலவு கடுகு. மிஞ்சிய இரும்பு இருதயத்திலும் கல்லீரலிலும் வளர்ச்சிச் சுரப்பிகளிலும் படிந்து கெடுக்கும். பத்து முதல் இருபது முறை இரத்தம் ஏற்றியபின், அல்லது ஃபெரிட்டின் என்னும் அளவு 1000-ஐத் தாண்டியபின், இரும்பை நீக்கும் மருந்து தொடங்குவர். முன்பு பம்பு வைத்து இரவு முழுதும் தோலுக்கடியில் செலுத்தும் ஊசி மருந்தே இருந்தது. இன்று வாயால் உட்கொள்ளும் மருந்துகளும் உண்டு. பெற்றோர் பலர் இரத்தத்தைத் தவறாமல் ஏற்றி, இம்மருந்தை மட்டும் பாதியில் நிறுத்திவிடுகின்றனர். குழந்தை நலமாகத் தோன்றுவதே அதற்குக் காரணம். பத்தாண்டு கழித்து இருதயம் அதற்குரிய கணக்கைக் கேட்கும்.

முற்றிலும் நீக்கும் சிகிச்சை எலும்பு மச்சை மாற்றமே. உடன்பிறந்தாருள் ஒருவருடைய மச்சை பொருந்த நான்கில் ஒன்று வாய்ப்பு. சிறு வயதிலேயே, இரும்பு படிந்து கெடுக்கும் முன் செய்தால் பயன் மிகுதி. நம் மாநிலத்தில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் 1986-இல் தாலசீமியா நோயாளிக்கு இச்சிகிச்சை தொடங்கப்பெற்றது. விரைவில் நோயை அறிந்தவர்க்கே இவ்வழி நன்கு திறந்திருக்கும் என்பதை நோக்குக.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் தாலசீமியாவும் அரிவாளணு நோயும் ஹீமோஃபிலியாவும் இடம்பெற்றுள்ளன. சான்றிதழுக்கு விண்ணப்பிக்கையில் முதலில் கேட்கப்படுவது நோயை உறுதிசெய்த ஆய்வுச் சீட்டு. இரத்தம் ஏற்றும் முன் எடுத்த அந்த முதற் சீட்டைப் பாஸ்புத்தகத்தோடு வைத்துப் பாதுகாக்க.

சங்கங்கள் செய்யத்தக்கது ஒன்று இருக்கிறது. இந்நோயுள்ள ஒரு குழந்தைக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழப் பதினைந்து முறை இரத்தம் தேவைப்படுகிறது. ஒரு சங்கத்தில் பதினைந்து அங்கத்தினர் ஆண்டுக்கு ஒருமுறை கொடுத்தாலே அத்தேவைக்கு ஈடாகிவிடும். பதினெட்டு வயது நிறைந்து அறுபத்தைந்துக்கு மேற்படாமலும், எடை 45 கிலோவுக்குக் குறையாமலும், ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையாமலும் உள்ள நலமானவர் கொடுக்கலாம். ஆண்களாயின் மூன்று மாத இடைவெளியும், பெண்களாயின் நான்கு மாத இடைவெளியும் வேண்டும். கொடுத்த இரத்தம் அதே குழந்தைக்குப் போகாது போகலாம். வகை பொருந்த வேண்டுமல்லவா? ஆனால் இரத்த மையத்தின் கையிருப்பில் சேரும். குழந்தைக்கு வேண்டியது அங்கிருந்தே வரும். மகாசபை கூடும் நாளில் அரசு இரத்த மையத்தின் வண்டியை வரவழைத்துக் கொள்வதற்குச் செயலாளர் ஒரு மாதம் முன்னதாக எழுதினால் நன்று. கொடை வாங்கும் முன் எப்படியும் ஹீமோகுளோபின் பார்ப்பார்கள். அது குறைவென்று திருப்பியனுப்பப்படும் இளைஞர் எவரேனும் இருந்தால், வீடு செல்லும் வழியிலேயே முழு இரத்த எண்ணிக்கை ஒன்று எடுத்து, மேலே சொன்ன வகுத்தற் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.